பேத்தையா, தேளா, கூம்பு நத்தையா? சோடியம் கால்வாயை விளக்க எந்த நஞ்சை எடுப்பது

உயர்தர உயிரியல் பிள்ளைகள் நரம்புக் கணத்தாக்கம் படிக்கும் தவணை வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். "மிஸ், கண்காட்சிக்கு நஞ்சும் நரம்பும் என்று தலைப்பு எடுத்திருக்கிறோம். பேத்தை மீனை வைக்கவா, தேளை வைக்கவா?" பழைய மாணவர்களும் கேட்கிறார்கள். கோணேசபுரியில் இருக்கும் திருகோணமலை வளாகத்திலோ பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ படித்துக்கொண்டிருப்பார்கள். செமினாருக்குத் தலைப்புக் கொடுக்கவேண்டிய வாரத்தில் வாட்ஸ்அப்பில் எழுதுவார்கள். நஞ்சுகள் சோடியம் கால்வாயில், அதாவது நரம்புக்கலத்தின் மென்சவ்வில் சோடியத்தை உள்ளே விடும் புரத வாயிலில், என்ன செய்கின்றன என்பதைச் சொல்ல ஏராளமான உதாரணங்கள் உண்டு. ஒன்றைத்தான் எடுக்க நேரம் இருக்கும். எதை எடுப்பது?

பெரும்பாலானவர்கள் பேத்தையை எடுக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தேள்தான் பொருந்தும் என்பது என் கருத்து. எல்லோருக்கும் அல்ல. யாருக்கு எது என்று பார்ப்பதற்கு முன் கால்வாயைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். ஏனென்றால் நஞ்சின் பெயரை முதலில் தெரிவுசெய்துவிட்டுக் கால்வாயைப் பிறகு பார்ப்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது.

## கால்வாயில் மூன்று இடங்கள்

ஓய்வில் இருக்கும் நரம்புக்கலத்தின் உட்பக்கம், வெளிப்பக்கத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் மறையாக (நெகற்றிவ்) இருக்கும். தூண்டல் வந்து அந்த வேறுபாடு ஓரளவு குறைந்ததும் சோடியம் கால்வாய்கள் திறக்கின்றன, சோடியம் அயன்கள் உள்ளே பாய்கின்றன, உட்பக்கம் நேராகிறது (பொசிற்றிவ்). ஒன்றிரண்டு மில்லிசெக்கனுக்குள் அதே கால்வாய்கள் தாமாகவே அடைபட்டுவிடும். பிறகு பொற்றாசியம் வெளியேறி நிலைமை பழையபடி ஆகும். இதைக் கணவாயின் பருத்த நரம்பு நாரில் அளந்து, கணிதமாக எழுதி 1952இல் வெளியிட்டவர்கள் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். 1963இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்போது கால்வாய் என்ற புரதத்தை யாரும் பார்த்திருக்கவில்லை. 1984இல்தான் கியோட்டோவில் ஷோசாகு நூமாவின் குழு, மின் விலாங்கின் மின் உறுப்பில் இருந்து அந்தப் புரதத்தின் முழுத் தொடரையும் வாசித்தது: 1,820 அமினோ அமிலங்கள், ஒரே சங்கிலி.

அந்தச் சங்கிலியில் ஒன்றையொன்று ஒத்த நான்கு பகுதிகள் உண்டு. ஒவ்வொரு பகுதியும் மென்சவ்வை ஆறு தடவை குறுக்கே கடக்கிறது. நஞ்சுகளின் கதைக்கு நமக்கு வேண்டியவை மூன்று இடங்கள்.

முதலாவது, வடி. நான்கு பகுதிகளும் நடுவில் சேரும் இடத்தில் உள்ள குறுகிய துளை அது. அஸ்பார்ட்டேற்று, குளுட்டமேற்று, லைசின், அலனின் என்ற நான்கு அமினோ அமிலங்கள், பகுதிக்கு ஒன்றாக நின்று, சோடியத்தை விட்டுப் பொற்றாசியத்தைத் தடுக்கின்றன.

இரண்டாவது, உணரி. ஒவ்வொரு பகுதியின் நான்காவது துண்டிலும் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் நேரேற்றம் கொண்ட அமினோ அமிலங்கள் இருக்கின்றன. உட்பக்கம் மறையாக இருக்கும்வரை இந்தத் துண்டு உள்நோக்கி இழுபட்டு நிற்கும். மறை குறைந்ததும் வெளிநோக்கி நகரும். கால்வாய் திறப்பது இந்த நகர்வினால்தான்.

மூன்றாவது, அடைப்பு. மூன்றாம் நான்காம் பகுதிகளை இணைக்கும் உட்பக்கத் துண்டில் ஐசோலியூசின், பீனைல்அலனின், மெதயோனின் என்று மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. கால்வாய் திறந்த சற்று நேரத்தில் இவை உள்ளிருந்து வந்து பொருந்த, ஓட்டம் நின்றுவிடும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். மனிதரில் இந்தக் கால்வாய் ஒன்பது வகை. நாவ் 1.1 முதல் 1.9 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். எலும்புத் தசையில் 1.4, இதயத்தில் 1.5, வலியை எடுத்துச்செல்லும் நரம்புகளில் முக்கியமாக 1.7, 1.8, 1.9. மற்றவை பெரும்பாலும் மூளையிலும் ஏனைய நரம்புகளிலும்.

## எதை வைத்து அளப்பது

நான் மாணவர்களிடம் கேட்கச் சொல்லும் கேள்விகள் இவை. முதற்கேள்வி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

- அந்த நஞ்சு உண்மையிலேயே சோடியம் கால்வாயில்தான் வேலை செய்கிறதா?
- மேலே சொன்ன மூன்று இடங்களில் எதை அது விளக்கும்?
- மூலக்கூறில் தொடங்கி நோயாளியின் கட்டில்வரை ஒரே நேர்கோட்டில் சொல்லிக்கொண்டு போகலாமா? இந்த நஞ்சு இந்த இடத்தில் இதைச் செய்கிறது, அதனால் உடலில் இது தெரிகிறது என்று?
- கேட்பவர்கள் அந்த உயிரினத்தைக் கண்டிருப்பார்களா?
- மறைவான செலவு என்ன? கூடுதலாக எதை விளக்கவேண்டி வரும், எந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்ளலாம், யாருக்காவது ஆபத்து வருமா?

## பேத்தை மீன்

சல்லியிலும் உப்புவெளியிலும் கரைவலை இழுக்கும்போது வலை மடியில் பேத்தை வந்தால், மீனவர்கள் அதைப் பிரித்து மணலில் போட்டுவிடுவார்கள். வயிற்றை ஊதிக்கொண்டு கிடக்கும் அந்த மீனைக் காணாத திருகோணமலைப் பிள்ளை இல்லை. இந்தத் தெரிவின் மிகப் பெரிய பலம் அதுதான்.

அதன் நஞ்சு டெட்ரோடொக்சின். புரதம் அல்ல, மூலக்கூற்று நிறை 319 மட்டுமே கொண்ட மிகச் சிறிய பொருள். அதன் நேரேற்றமுள்ள பக்கம், வெளிப்பக்கத்தில் இருந்து வந்து வடியின் வாயில் பொருந்திவிடும். சோடியம் உள்ளே போக வழியில்லை. கால்வாயின் உணரி வழமைபோல நகரலாம். ஆனாலும் ஓட்டம் இல்லை. 1964இல் நராஹஷி, மூர், ஸ்கொட் ஆகிய மூவரும் சிங்க இறாலின் நரம்பு நாரில் இதைக் காட்டினார்கள். சோடியம் ஓட்டம் அற்றுப்போனது, பொற்றாசியம் ஓட்டம் அப்படியே இருந்தது. ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணக்கில் பிரித்த இரண்டு ஓட்டங்களும் உண்மையிலேயே இரண்டு தனிப் பாதைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்நாளில் இல்லை.

உடலில் தெரிவதும் நேரானது. முதலில் உதடும் நாக்கும் விறைக்கும். பிறகு கை கால் சோரும். கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். நினைவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். மாற்று மருந்து கிடையாது. நஞ்சு உடலை விட்டுப் போகும்வரை செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பாற்றவேண்டும். இதயம் மட்டும் ஏன் முதலில் நிற்பதில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தப் பதில்தான் இந்த உதாரணத்தின் மிக அழகான பகுதி. வடியின் அருகே மற்றக் கால்வாய்களில் பெரும்பாலானவற்றில் வளைய அமைப்புள்ள ஓர் அமினோ அமிலம் இருக்கும் இடத்தில், இதயத்தின் 1.5இல் சிஸ்டீன் இருக்கிறது. அந்த ஒரேயொரு மாற்றத்தால் நஞ்சின் பிடி பெருமளவு தளர்ந்துவிடுகிறது. பேத்தை தன் நஞ்சால் தான் சாகாததற்கும் காரணம் இதே இடத்துக்கு அருகில் அதன் கால்வாய்களில் உள்ள மாற்றங்கள்தான்.

இனி மறைவான செலவுகள். பேத்தை கொட்டுவதோ கடித்து நஞ்சு ஏற்றுவதோ இல்லை. நஞ்சு அதன் ஈரலிலும் சூலகத்திலும் அதிகமாகச் சேர்ந்திருக்கும், தின்றால்தான் பாதிப்பு. அதைக்கூட மீன் தானே உண்டாக்குவதில்லை. பற்றீரியாக்களில் தொடங்கி உணவு வழியாக வந்து சேர்கிறது. கட்டுப்படுத்திய தீனி கொடுத்து வளர்த்த பேத்தையில் நஞ்சு இல்லாமல் போவதே இதற்குச் சான்று. ஆகவே உங்கள் தலைப்பு "கொட்டும், கடிக்கும் உயிரினங்களின் நஞ்சு" என்றால், நடுவர் கேட்கும் முதற் கேள்வியே உங்களைச் சாய்த்துவிடும். இதே நஞ்சைக் கடித்தே செலுத்தும் நீலவளைய ஒக்டோபஸை முன்னால் வைத்தால் தப்பலாம், ஆனால் அப்போது "நம் கரைவலையில் வரும் மீன்" என்ற பலம் போய்விடும்.

இரண்டாவது செலவு எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. பேத்தையை மட்டும் கேட்டுவிட்டுப் போகும் பிள்ளை, நஞ்சு என்றால் கால்வாயை அடைப்பது என்று முடிவுகட்டிவிடும். உணரியும் அடைப்பும் அதன் மனதில் வருவதே இல்லை. பல் பிடுங்கும்போது போடும் லிக்னோகேயின் ஊசியும் சோடியம் ஓட்டத்தைத்தான் நிறுத்துகிறது. அது கால்வாயின் உட்பக்கத்தில் இருந்து பொருந்துகிறது என்பதைச் சேர்த்துச் சொன்னால் விளக்கம் கொஞ்சம் விரியும். ஆனாலும் அதுவும் தடுப்புத்தானே.

## தேள்

இதில் நேரம் எடுத்துப் பேசுகிறேன், ஏனென்றால் கால்வாய் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைப்போல வேறு எந்த நஞ்சும் சொல்லித்தருவதில்லை.

தேள் நஞ்சில் சோடியம் கால்வாயைத் தாக்கும் சிறு புரதங்கள் இரண்டு பெரிய வகை. அல்பா நஞ்சுகள், பீற்றா நஞ்சுகள். உங்களுக்கு அல்பா போதும். வட ஆபிரிக்கத் தேள் ஒன்றின் அல்பா நஞ்சு மிக விரிவாக ஆராயப்பட்டது. 64 அமினோ அமிலங்கள், நான்கு கந்தகப் பிணைப்புகளால் இறுக்கிக் கட்டப்பட்ட சிறிய உருண்டை. அது வடியின் பக்கம் போவதே இல்லை. நான்காம் பகுதியின் உணரிக்கு வெளிப்பக்கத்தில் வந்து பிடித்துக்கொள்கிறது.

பிடித்ததும் என்ன நடக்கிறது? தூண்டல் வருகிறது. முதல் மூன்று பகுதிகளின் உணரிகளும் வெளிநோக்கி நகர்கின்றன. கால்வாய் திறக்க அது போதும், திறக்கிறது. ஆனால் நான்காம் உணரி நகரமுடியாமல் உள்நோக்கிய நிலையிலேயே நிற்கிறது. அந்த நான்காவதின் நகர்வுதான் "இனி அடைத்துக்கொள்" என்ற கட்டளை. கட்டளை போகவில்லை, ஆகவே அடைப்பும் நிகழவில்லை. கதவு திறந்தபின் அது தானாகச் சாத்திக்கொள்ளாதபடி பிணைச்சலில் ஒரு கல்லைச் செருகியதைப் போன்றது இது. ஒன்றிரண்டு மில்லிசெக்கனில் நிற்கவேண்டிய சோடியம் ஓட்டம் நீள்கிறது, தாக்க அழுத்தமும், அதாவது நரம்பில் எழுந்து விழும் மின் துடிப்பும், நீள்கிறது, ஒரு தூண்டலுக்கு நரம்பு திரும்பத் திரும்பச் சுடுகிறது, அதாவது துடிப்பை அனுப்புகிறது.

நான்கு பகுதிகளும் ஒத்தவைதான், ஆனால் நான்காவதுக்குத் தனி வேலை உண்டு என்பதை வகுப்பில் எத்தனை தடவை சொன்னாலும் பிள்ளைகளுக்கு அது வெறும் வசனம். நஞ்சு அந்த ஒன்றை மட்டும் பிடித்து நிறுத்தும்போது என்ன நடக்கிறது என்று வரைந்து காட்டிய அன்றுதான் முகம் மாறும். "அப்ப மிஸ், திறக்கிறதும் அடைக்கிறதும் ரெண்டு வேலையா?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாடம் முடிந்த மாதிரி.

இன்னொரு நுணுக்கம். கலத்தின் உட்பக்கத்தை வலுவாக நேராக்கினால், நான்காம் உணரி எப்படியாவது வெளியே தள்ளிக்கொண்டு வரும். அப்போது நஞ்சு கழன்றுவிடும். மின்னழுத்தத்தைப் பொறுத்து நஞ்சின் பிடி கூடிக் குறைகிறது என்பதை வில்லியம் கற்றரோல் போன்றோர் 1970களிலேயே அளந்தார்கள். 2019இல் இந்த நஞ்சு உணரியைப் பிடித்திருக்கும் தோற்றமே உறைகுளிர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் படமாக வந்துவிட்டது. பழைய அளவீடும் புதிய படமும் பொருந்துகின்றன. பல்கலைக்கழக செமினாருக்கு இதைவிட நல்ல கதை கிடைப்பது கடினம்.

கட்டில்வரை போகும் கோடும் வலுவானது. இலங்கையில் மருத்துவ ரீதியில் ஆபத்தான தேள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணப்படும் செந்தேள். இந்தியாவிலும் அதே இனம்தான் பலரைப் பாதிக்கிறது. கொட்டினால் தன்னாட்சி நரம்புகள் ஓயாமல் சுடும். அதிரீனலின் வகைப் பொருட்கள் வெள்ளமாக வெளியேறும். வியர்த்துக் கொட்டும், கை கால் குளிரும், இரத்த அழுத்தம் எகிறும், இதயம் சோர்ந்து நுரையீரலில் நீர் கட்டும். மகாராஷ்டிராவின் மகாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய வைத்தியர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், பிரசோசின் என்ற சாதாரண இரத்த அழுத்த மாத்திரையை இதற்குப் பயன்படுத்தி ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். அந்த மாத்திரை நஞ்சையோ கால்வாயையோ தொடுவதில்லை. வெள்ளமாக வந்த அதிரீனலின் இரத்தக் குழாய்களில் செய்யும் வேலையைத்தான் தடுக்கிறது. கால்வாயில் தொடங்கும் ஒரு கோளாற்றைப் பல படி கீழே போய்த் தடுக்கலாம் என்பதை ஒரு வைத்தியர் நடைமுறையில் காட்டியது இது. பேத்தைக் கதையில் இப்படியொரு படி இல்லை.

எங்கள் ஊரோடு இணைக்க வழியில்லையே என்பீர்கள். உண்டு. புறாத் தீவில் முகக்கண்ணாடி போட்டு முருகைக்கல்லைப் பார்த்தவர்களுக்குக் கோமாளி மீன் ஒளிந்திருக்கும் கடற்சாமந்தி தெரிந்திருக்கும். கடற்சாமந்தி வகைகளின் நஞ்சுகள் சிலவும், 47 அமினோ அமிலம் அளவிலான சிறு புரதங்கள், ஏறத்தாழ இதே நான்காம் உணரியையே பிடித்து, இதே அடைப்பையே குலைக்கின்றன. தேளுக்கும் கடற்சாமந்திக்கும் உறவென்று சொல்ல எதுவும் இல்லை. நஞ்சுப் புரதங்களின் மடிப்பும் வேறு. தனித்தனியாகக் கூர்ப்படைந்து வந்து ஒரே இடத்தில் கைவைக்கின்றன. உங்கள் பதாகையில் தேளுக்குப் பக்கத்தில் கடற்சாமந்தியை வைத்தால் திருகோணமலைப் பார்வையாளர் உடனே நின்று பார்ப்பார்.

நேரம் மிஞ்சினால் அரிசோனாவின் வெட்டுக்கிளி எலியையும் சேருங்கள். கொட்டும் தேளைச் சாதாரணமாகத் தின்னும் எலி அது. 2013இல் காரணம் கண்டுபிடித்தார்கள்: அந்த எலியின் வலி நரம்பில் உள்ள 1.8 கால்வாய் சற்று மாறியிருப்பதால், தேள் நஞ்சு அதில் பொருந்தி ஓட்டத்தைத் தடுக்கிறது. வலியைத் தூண்டவேண்டிய நஞ்சு வலியைக் குறைத்துவிடுகிறது.

செலவுகளுக்கு வருவோம். அடைப்பைப் பற்றிப் பார்வையாளருக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துத்தான் தொடங்கவேண்டும். ஐந்து நிமிடம் அதற்கே போய்விடும். அதைவிடக் கவனிக்கவேண்டியது, மூலக்கூறு அளவிலான மிக விரிவான தரவு வட ஆபிரிக்கத் தேளின் நஞ்சில் இருந்து வந்தது, கட்டிலில் கண்டது செந்தேளின் விளைவு. இரண்டும் ஒரே வகைத் தாக்கம்தான், ஆனால் ஒரே மூலக்கூறு அல்ல. செந்தேளின் நஞ்சு ஒரு கலவை. அதில் பொற்றாசியம் கால்வாயை அடைக்கும் ஐபீரியோடொக்சினும் இருக்கிறது. "இந்த நஞ்சுதான் இந்த நோயாளிக்கு எல்லாவற்றையும் செய்தது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் நல்ல விரிவுரையாளர் அங்கேயே நிறுத்துவார். இரண்டையும் பிரித்து எழுதுங்கள், பிறகு இணையுங்கள்.

பார்வையாளரிடம் தேவையில்லாத பயமும் வரும். நமது வீட்டு வளவில் விறகைப் புரட்டும்போது வரும் பெரிய கருந்தேள் கொட்டினால் நன்றாக வலிக்கும், ஆனால் செந்தேள் செய்வதை அது செய்யாது. அதையும் பதாகையில் எழுதவேண்டும்.

## கூம்பு நத்தை

இந்து சமுத்திரம், பசுபிக் எங்கும் வாழும் அழகான சங்கு. ஈட்டிபோல மாறிய பல்லால் இரையைக் குத்தி நஞ்சேற்றும். ஒவ்வோர் இனத்தின் நஞ்சிலும் நூற்றுக்குமேற்பட்ட சிறு புரதங்கள். அவற்றில் மியூ வகை, பேத்தையின் நஞ்சைப்போல வடியின் வாயை அடைக்கிறது. டெல்டா வகை, தேளின் அல்பாவைப்போல அடைப்பைக் குலைக்கிறது. ஒரே உயிரினத்தில் இரண்டு வழியையும் காட்டலாம் என்பது இதன் கவர்ச்சி.

இது உண்மையில் மின்னுவது வேறோர் இடத்தில். மீனைத் தின்னும் ஒரு கூம்பு நத்தையின் 22 அமினோ அமில மியூ நஞ்சு, நரம்பின் கால்வாய்களைவிடத் தசையின் 1.4ஐயே தேடிப் பிடிக்கிறது. 1985இல் இதைக் கண்டபோது, கால்வாயின் வகைகளைப் பிரித்தறியும் ஒரு கருவி கையில் கிடைத்ததுபோல ஆய்வாளர்கள் உணர்ந்திருக்கவேண்டும். ஏனென்றால் வலியைக் குறைக்க 1.7ஐயோ 1.8ஐயோ மட்டும் தடுக்கும் மருந்து வேண்டும், இதயத்தின் 1.5இல் கை வைத்தால் ஆள் செத்துப்போவார். 1.7 பிறவியிலேயே செயற்படாத சிலர் வலியே அறியாமல் வாழ்கிறார்கள் என்று 2006இல் தெரியவந்தது. 1.8ஐ மட்டும் தடுக்கும் சுசெட்ரிஜின் என்ற வலி மருந்து, நஞ்சில் இருந்து வந்ததல்ல, 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்தியல் பக்கம் போகும் மாணவருக்கு இந்தத் தெரிவு தேளையும் முந்தும்.

மறைவான செலவு ஒன்று பலரை விழுத்தியிருக்கிறது. கூம்பு நத்தை என்றதும் தேடலில் முதலில் வருவது சைக்கொனோடைட் என்ற வலி மருந்து. 2004இல் அனுமதி பெற்றது, முள்ளந்தண்டுப் பாயத்துக்குள் நேரடியாகச் செலுத்துவது. அது ஒமேகா வகை. தடுப்பது கல்சியம் கால்வாயை. சோடியம் கால்வாய்ச் செமினாரில் அதை நட்சத்திரமாக வைத்தால் முதற்கேள்வியிலேயே தோற்கிறோம். அடுத்து, கிரேக்க எழுத்துப் பெயர்கள் பாடசாலைப் பார்வையாளருக்குத் தலைசுற்றல். அப்புறம், பேத்தை, தேள் இரண்டையும் நிழலாவது பார்த்திராதவர் இல்லை. உயிருள்ள கூம்பு நத்தையைக் கண்டவர்கள் சுழியோடிகளும் மீனவர்களும் மட்டும்தான்.

## கட்டுவிரியனை எடுக்கலாமா?

வேண்டாம். இதை ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள், காரணமும் புரிகிறது. எங்கள் வரண்ட பகுதியில் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களை இரவில் கடிக்கும் பாம்பு அது, வீட்டுக்கு வீடு கதை உண்டு. கடித்தால் கண்ணிமை தொங்கி, மூச்சுத் தசை சோர்வதைப் பார்த்தால் பேத்தை நஞ்சுபோலவே இருக்கும். ஆனால் இடம் வேறு. கட்டுவிரியன் குடும்பத்துப் பாம்பொன்றின் நஞ்சைத் தாய்வானில் சாங், லீ இருவரும் 1963இல் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஒரு வகை, நரம்பில் இருந்து தசைக்குச் செய்தியைக் கடத்தும் அசற்றைல்கோலின் என்ற பொருளை ஏற்கும் தசை வாங்கிகளை மூடுகிறது. மற்றொரு வகை, நரம்பு முனையில் இருந்து அசற்றைல்கோலின் வெளிவருவதைக் கெடுக்கிறது. சோடியம் கால்வாய் நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும்; செய்தி நரம்பு முனைவரை வந்து, தசைக்குத் தாண்டமுடியாமல் நிற்கும். கடற்பாம்பும் நாகமும் இதே வகையில் சேரும்.

முதற் கேள்வியிலேயே விழுகிற தெரிவு இது. தலைப்பை "நரம்பு தசைச் சந்தி" என்று மாற்றினால் கட்டுவிரியனைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. அப்படி மாற்றுவது வெட்கமல்ல. பாம்பில்தான் சோடியம் கால்வாய் வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தால், தென்கிழக்காசியாவின் நீலப் பவளப் பாம்பு ஒன்று உண்டு. அதன் நஞ்சு கால்வாயின் அடைப்பைத் தாமதிக்கிறது என்று 2016இல் கண்டார்கள். ஆனால் அது விதிவிலக்கு. விதிவிலக்கை வைத்துப் பாடம் தொடங்குவதை நான் விரும்பமாட்டேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பேத்தை | தேள் (அல்பா) | கூம்பு நத்தை (மியூ) |
|---|---|---|---|
| தாக்கும் இடம் | வடியின் வாய் | நான்காம் உணரி | வடியின் வாய் |
| கால்வாய்க்கு நடப்பது | ஓட்டம் நிற்கும் | அடைப்பு நிகழாது, ஓட்டம் நீளும் | ஓட்டம் நிற்கும், வகையைப் பொறுத்து |
| உடலில் | விறைப்பு, தளர்ச்சி, மூச்சு நிற்றல் | நரம்புகள் ஓயாது சுடுதல், இதயச் சோர்வு | தசைத் தளர்ச்சி (முழு நஞ்சில் வேறு கூறுகளும் சேரும்) |
| நஞ்சேற்றும் உயிரா | இல்லை | ஆம் | ஆம் |
| ஊரில் அறிமுகம் | மிக நன்று | நடுத்தரம், கடற்சாமந்தியோடு நன்று | குறைவு |
| விளக்க எடுக்கும் நேரம் | குறைவு | அதிகம் | நடுத்தரம் |

## யாருக்கு எது

பாடசாலைக் கண்காட்சி, ஒருவர் உங்கள் மேசையில் இரண்டு நிமிடம் நிற்பார் என்றால் பேத்தைதான். தலைப்பில் "கொட்டும் உயிரினம்" என்ற வார்த்தை மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே நேரம் "சமைத்தாலும் இந்த நஞ்சு அழியாது" என்ற வரியைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கரையோரப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பயனுள்ள வரி அதுதான்.

உயர்தர வகுப்பில் நண்பர்களுக்கு விளக்குகிறீர்கள், அல்லது பல்கலைக்கழகத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் கிடைக்கும் என்றால் தேள். பேத்தையை முதல் இரண்டு நிமிடத்தில் ஒப்பீட்டுக்காகச் சொல்லிவிட்டு, மிச்ச நேரம் முழுவதையும் நான்காம் உணரிக்குக் கொடுங்கள். கேள்வி நேரத்தில் வரக்கூடிய பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் அந்த ஒரு படத்துக்குள்ளேயே இருக்கும்.

மருந்தாக்கல், வலி, புதிய மருந்துகள் என்று எழுதப்போகும் மூன்றாம் நான்காம் வருட மாணவருக்குக் கூம்பு நத்தை. நேரம் குறைவு, கால்வாயின் வகைகளை இன்னும் சரியாகப் படிக்கவில்லை என்றால் இதை எடுக்கவேண்டாம். நடுவழியில் எழுத்துகளுக்குள் தொலைந்துபோவீர்கள்.

சித்த மருத்துவ பீடத்தில் படிக்கும் சிலர் வத்சநாபியைப் பற்றிக் கேட்டார்கள். அதிலுள்ள அக்கோனிற்றின் சோடியம் கால்வாயை மூடவிடாமல் செய்வது உண்மைதான். ஆனால் அது தாவர நஞ்சு. பிடிக்கும் இடமும் துளையின் உட்பக்கம். அதைத் தேளோடு ஒப்பிட்டு எழுதினால் உங்கள் பீடத்துக்கென்றே ஒரு நல்ல கட்டுரை வரும்.

## மேசையில் எதை வைப்பது

உயிருள்ள எதுவும் வேண்டாம். கரைவலையில் கழித்துப்போட்ட பேத்தையைப் போத்தலில் போட்டுக் கொண்டுவருவதைவிட நல்ல புகைப்படம் ஒன்று போதும். கண்காட்சி முடிந்தபின் அந்த மீன் எங்கே போகும், எந்த நாய் தின்னும் என்று யாரும் கவனிப்பதில்லை. புறாத் தீவு தேசியப் பூங்கா, அங்கிருந்து சங்கோ கடற்சாமந்தியோ எடுக்கக்கூடாது. கடற்கரையில் உயிருள்ள கூம்பு நத்தையைக் கண்டால் எந்தப் பக்கத்திலும் பிடிக்காதீர்கள். அதன் நீண்ட குழாய் பின்பக்கமும் வளையும். பெரிய இனங்கள் மனிதரைக் கொன்றிருக்கின்றன, அந்த நஞ்சுக்கு மாற்று மருந்தும் இல்லை.

வைக்கவேண்டியது மூன்று வரைபுகள். ஒரே தாளில், ஒரே நேர அச்சில், ஒரே மில்லிவோல்ட் அச்சில். முதலாவது சாதாரண தாக்க அழுத்தம்: எழுந்து விழும் கூர்மையான சிகரம். இரண்டாவது பேத்தை நஞ்சு போட்டபின்: தூண்டினாலும் சிகரம் எழாத ஏறத்தாழத் தட்டையான கோடு. மூன்றாவது தேளின் அல்பா நஞ்சு போட்டபின்: வழமைபோல எழுந்து, இறங்காமல் நீண்டு நிற்கும் மேடு. பலர் மூன்றாவதை வேறு நேர அளவில் வரைந்து சாதாரண சிகரம் மாதிரியே ஆக்கிவிடுகிறார்கள். அளவு மாறினால் மேடு தெரியாது, தேளை எடுத்ததன் பயனும் போய்விடும்.